ஏழாம் தட்டு

“இன்னும் எவ்வளவு நாள்தாம்மா இழுத்தடிப்பே?” உள்ளே நுழையும்போதே மருந்து கம்பெனி இயக்குநர் எரிந்து விழுந்தார்.

“ஏழாம் தட்டு சரிப்பட்டு வரலை சார்,” என்றாள் பாதுகாப்புச் சோதனையைப் பார்க்கும் பெண்.

மேசையில் பத்துக் கண்ணாடித் தட்டுகள். அலுவலகத்தில் பத்துப் பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து வளர்த்த இதய செல்கள் அவற்றில் துடித்துக்கொண்டிருந்தன. புது மருந்தை விட்டதும் ஒன்பது சீராகவே துடித்தன. ஏழாவது மட்டும் தடுமாறி நின்றுபோனது.

“எவனோ ஒரு நோஞ்சானுக்கு ஒத்துக்கலைன்னு நல்ல மருந்தைக் குப்பையில போடச் சொல்றியா?”

“போன மருந்தையும் ஒருத்தருக்குத்தானே ஒத்துக்கலைன்னு கடைக்கு விட்டோம் சார். நாலு உயிர் போச்சு. அதுக்கப்புறம்தானே இந்தச் சோதனையையே ஆரம்பிச்சோம்?”

“அதையே சொல்லிக் கழுத்தை அறுக்காதே. முதல் மாத்திரையை நானே முழுங்கிக் காட்டறேன், போதுமா?”

“ஐயோ, நீங்க வேண்டாம் சார்!”

“அப்ப அந்த ஏழாம் நம்பர் யாருன்னு சொல்லு. அந்த ஆளைத் தூக்கிட்டு வேற ஆளோட ரத்தத்தை வைப்போம்.”

“பேரை யாருக்கும் சொல்லக்கூடாது சார். ரத்தம் கொடுத்தவரே கேட்டாத்தான் சொல்லலாம். நீங்க போட்ட ரூல்தான்.”

“என் ரூலை எனக்கே படிச்சுக் காட்டறியா? நான் கேக்கறேன், சொல்லு! யாரு அது?”

அவள் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“முதல்ல உக்காருங்க சார். நீங்க கேட்டா சொல்லலாம்.”