காலி பண்ணச் சொல்லும் சட்டம்

"காம்பராவக் காலி பண்ணு," என்றான் நிரஞ்சன்.

"நாலு தலைமுறையா இந்த ஒத்தை அறையிலதான் இருக்கோம். எதுக்குக் காலி பண்ணணும்?" என்று கேட்டாள் ராகினி.

"உங்க வீட்டுல இப்ப யாரும் வேலைக்கு வரல. வேலைக்கு ஆள் இல்லன்னா காம்பராவும் இல்ல."

"வேலை செஞ்சவங்க செத்துப்போனாங்க. பிள்ளைங்க எங்கங்க போகும்?"

"காணி கம்பனியோடது. சட்டம் அப்படி."

ராகினிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இருவரும் ஆடிக்கொண்டிருந்த, கணவன் நிரஞ்சன் ஆறு மாதமாக உட்கார்ந்து உருவாக்கிய 'செவ்வாய்க் கிரகம் 2250' விளையாட்டு அட்டையை மடித்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"நீங்களும் புளத்கொகுபிட்டிய தோட்டத்து லயத்துக் காம்பராவுல பொறந்தவர்தான். ராக்கெட்டு, ரோபோன்னு எல்லாத்தையும் புதுசா யோசிச்சிருக்கீங்க. செவ்வாய்லகூட நமக்குச் சொந்தமா ஒரு துண்டு காணி குடுக்க உங்களுக்குமா மனசு வரல?"