கருவி தேர்ந்தெடுத்த குரல்

இன்சுலின் கருவியின் குறிப்புகளைப் படிக்காமல் பொத்தானை அழுத்தி, தண்டபாணி இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். அதனால் மருத்துவமனை புது இன்சுலின் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பியது. நோயாளி யார் பேச்சைக் கேட்பார் என்று கண்டுபிடித்து, அந்த ஆளின் குரலிலேயே அது குறிப்புகளைச் சொல்லும்.

"உங்க தங்கச்சி குரல்லதான் பேசப்போகுது, பாருங்க" என்றாள் மனைவி சுலோசனா. முப்பது வருடமாகத் தன் பேச்சு அவர் காதில் ஏறியதே இல்லை என்பது அவள் மனக்குறை.

"முதல்ல சர்க்கரை அளவைப் பாருங்க. அப்புறந்தான் மருந்து."

கருவியிலிருந்து வந்தது சுலோசனாவின் குரல். தண்டபாணி மறுபேச்சில்லாமல் விரலை நீட்டினார்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

"எல்லாமே கேட்டுச்சு, சுலோ."

அவள் கருவியின் குரலை நிறுத்திவிட்டு, அடுத்த குறிப்பைத் தானே வாசித்தாள்.