இங்கிலீஷ் பூச்சி அரித்த மரம்

“இன்னா சார், இங்கிலீஷ் பூச்சிக்கு டிசிப்ளின் ஜாஸ்தியோ? ஓட்டையெல்லாம் ஒரே சைஸா போட்டுக்கினு போயிருக்குது.”

மரத்தூணைத் தடவியபடி கேட்டார் தணிகாசலம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்திருந்த மரவேலை மேஸ்திரி.

கோவர்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்றரை. நாலு மணிக்கு முதலாளி பரசுராமன் வந்துவிடுவார்.

திருவாலங்காட்டுக்கு வெளியே, அவருடைய தோட்டத்தில், அந்த வீடு ஏறக்குறைய எழுந்து நின்றுவிட்டது. முழுக்கக் கறுத்த மரச்சட்டங்களால் ஆன கூடு. மாடி, கீழ்த்தளத்தை விட ஒரு முழம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. சட்டங்களுக்கு நடுவே சுவர் எழுப்பி வெள்ளை பூசிவிட்டால், இங்கிலாந்து கிராமத்து மாளிகை தயார். நானூறு வருடத்துக்கு முந்தையது என்று சான்றிதழே இருந்தது.

இங்கிலாந்துக்கே நேரில் போய்ப் பார்த்து, விலை பேசி, பிரித்துக் கப்பலில் ஏற்றியவன் கோவர்தன். ஆர்க்கிடெக்டாக அவனை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் வேலை.

வந்து இறங்கியது முந்நூறு துண்டு மரம். எது எங்கே போகும் என்ற வரைபடத்தை அந்த ஊர் வியாபாரி அனுப்பவே இல்லை. இரண்டு கான்ட்ராக்டர்கள் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்கள். “இன்னிக்கு நாலு மணிக்கு நான் வரும்போது வீடு நிக்கணும். இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோ” என்று முதலாளி காலையில்தான் போனில் சொன்னார்.

மூன்றாவதாக வந்தவர் தணிகாசலம். ஒன்பதே நாளில் முந்நூறில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பொருத்திவிட்டார். பாக்கி ஒரே ஒரு உத்தரம்.

“எப்படி மேஸ்திரி பிடிச்சீங்க?”

“மரத்துலயே உளியால நம்பர் வெட்டியிருக்குதே சார். ரோமன் நம்பரு. ஒரே நம்பர் ரெண்டு மரத்துல இருந்தா அது ரெண்டும் ஜோடி.”

“அது எனக்கும் தெரிஞ்சுது. ஆனா நாலுக்கு வெறும் நாலு கோடுதான் இருக்கு. ரோமன்ல அப்படிப் போட மாட்டாங்களேன்னு குழம்பிட்டேன்.”

“IVன்னு சரியா போட்டா, மரம் தலைகீழா வரும்போது நாலு ஆறாயிடும் சார். அதான் ஆசாரி உஷாரா நாலு கோடு இழுத்துட்டான்.”

கோவர்தன் அசந்துபோனான். “நானூறு வருஷம் முன்னாடி எவ்வளவு யோசிச்சிருக்கான் பாருங்க. இந்த உத்தரம் வளைஞ்சிருக்கே, அதுவே ஒரு அழகு. நாலு நூற்றாண்டு பாரத்தைத் தாங்கின வளைவு.”

“தோ பார்ரா. எங்க ஊட்டுக் கதவு கொஞ்சம் கோணிக்கினதுக்கு எம் பொண்டாட்டி ஒரு வாரம் பேசல. நீங்க கோணலுக்குப் பூ போடுறீங்க.”

மேலே கிரேன்காரர் மோகன்ராஜ் சிரித்தார்.

“கிண்டல் பண்ணுங்க. இதைச் செஞ்ச ஆசாரி மட்டும் இப்ப எதிர்ல வந்தா, அவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன்.”

“கை அழுக்கா இருந்தா?”

“இருந்தாலும்.”

“மோகன்ராஜு, நீ சாட்சி.”

கடைசி உத்தரம் கிரேனில் மெதுவாக இறங்கியது. அதன் முனை, தூணில் இருந்த துளைக்குள் போக வேண்டும். ஒரு சாண் இருக்கும்போது தணிகாசலம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“சார், சாரத்து மேல ஏறி வாங்க. இந்தத் துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. மூடிட்டா அப்பால யாராலயும் பாக்க முடியாது.”

கோவர்தன் ஏறினான். செல்போன் வெளிச்சத்தைத் துளைக்குள் காட்டிக் குனிந்தான்.

உள்ளே உளியால் வெட்டிய எழுத்துகள். தமிழ் எழுத்துகள்.

‘தணிகாசலம். ரெண்டாம் ஷெட். கும்மிடிப்பூண்டி.’ கீழே ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

கோவர்தன் நிமிர்ந்து தணிகாசலத்தைப் பார்த்தான்.

“சினிமா செட்டுக்குன்னு சொல்லித்தான் சார் செய்யச் சொன்னாங்க. கப்பல் ஏறிப் போச்சு. இப்டி சர்டிபிகேட்டோட திரும்பி வரும்னு நான் கண்டேனா?” தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பூச்சிகூட மூணு எம்.எம். ட்ரில்லுதான்.”

கேட் பக்கம் கார் ஹாரன் கேட்டது.

தணிகாசலம் சுத்தியலை எடுத்தார். “மூடிடட்டுமா சார்?”

கோவர்தன் கேட்டைப் பார்த்தான். துளையைப் பார்த்தான். தலையசைத்தான்.

உத்தரம் கச்சிதமாக உள்ளே போனது. மர ஆணி மூன்றே அடியில் உட்கார்ந்தது. தணிகாசலம் வலது கையைச் சட்டையில் துடைத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“சீக்கிரம் ஒத்திக்கோங்க சார். முதலாளி வந்துகினு இருக்காரு.”