கேரக்டர் சுத்தம்

“இவன் கண்ணு எங்கெங்க போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார் மேக்ஸ்வெல்.

ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் பர்சனல் மேனேஜர். பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றது கம்பெனி பஸ் டிரைவர் சென்னகிருஷ்ணன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஷிப்டுக்கு வரும் பெண்களை உள்கண்ணாடி வழியாக ஓயாமல் பார்க்கிறார் என்று புகார். அவர்களில் ரஞ்சிதா போய்ச் சொல்ல, மொத்த பஸ்ஸும் ஆமாம் போட்டது. மேக்ஸ்வெல் முதலில் சிரித்துத்தான் மழுப்பினார். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஒழுக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

“சத்தியமா நான் பார்க்கலீங்க சார். என் சம்சாரம்கூட நம்ப மாட்டேங்குறா. சோத்தைத் தட்டுல போட்டுத் தள்ளி விடுறா.”

“அம்பது வயசுல உனக்கு ஏன்யா இந்த வேலை? தப்புன்னு மிஷின் சொல்லட்டும், சாயங்காலமே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

கண் டாக்டர் மேரிராணி டிரைவரைப் புது மிஷின் முன்னால் உட்கார வைத்தார். திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி வரும். வந்ததும் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்தை உள்ளே இருக்கும் கேமரா பிடித்துவிடும். மேக்ஸ்வெல் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார்.

முடிந்ததும் டிரைவரை வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர்.

“சார், இவர் யாரையும் பார்க்கல.”

“எப்படி மேடம்?”

“வலது பக்கம் புள்ளி வந்தா கண் நேரா போகுது. இடது பக்கம் வந்தா வந்ததே தெரியல. ரெண்டு கண்ணுலயும் இடது பாதி பார்வை போயிருக்கு. அதனாலதான் கண்ணைத் திருப்பித் திருப்பி அந்தப் பக்கமே தேடுறார். பஸ்ல கண்ணாடியும் அந்தப் பக்கம்தானே இருக்கு?”

மேக்ஸ்வெல்லுக்கு முகமெல்லாம் பல். “அப்ப ஆளு கேரக்டர் சுத்தம். கம்பெனி மானம் தப்பிச்சுது மேடம்.”

“நான் சொல்றது புரியுதா? இடது பக்கம் ஒரு ஆள் குறுக்க வந்தாகூட இவருக்குத் தெரியாது. இனிமே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. உடனே நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும். கூப்பிடுங்க, நானே சொல்றேன்.”

வெளிநாட்டுக்காரர்கள் வரும் நேரத்தில் வேறு டிரைவருக்கு எங்கே போவது?

“பயந்துடுவான் மேடம். நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்.”

வெளியே வந்தார். “யோவ், உன் மேல ஒரு தப்பும் இல்லன்னு மிஷினே சொல்லிடுச்சு. வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்ல” என்றார், பக்குவமாக.

சென்னகிருஷ்ணன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டார்.

“பஸ் வாசல்லதான் நிக்குது சார். ஏறுங்க. உங்களைக் கம்பெனியில இறக்கி விட்டுட்டு, அப்படியே ரெண்டாவது ஷிப்ட் லேடீஸை ஏத்திக்கப் போறேன்.”

மேக்ஸ்வெல் அவசரமாகப் பின்னால் நகர்ந்தார்.

“நீ போய் அவங்களை ஏத்திட்டு வாப்பா. நான் ஆட்டோ புடிச்சு வந்துக்கறேன்.”