ஊதச் சொல்லாத சோதனை

லாரி ஓட்டுநர் புதினா மிட்டாயைக் கன்னத்தில் அதக்கியபடி ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறார். குடித்துவிட்டு ஓட்டியதற்காகப் பறித்த உரிமத்தைத் திருப்பித் தர இந்தப் பரிசோதனையைக் கேட்டிருக்கிறார்கள். சில நாளாக ஒரு சொட்டுத் தொடவில்லை, வாயில் வாடையும் இல்லை. அந்தத் தெம்பில் கால்மேல் கால் போட்டிருக்கிறார். மூலையில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் ரீங்கரித்து ஓய்கிறது. ஆய்வகப் பெண் அவருடைய குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிட்டது. மேலே இளமஞ்சள் திரவம் காலை வெயிலை உள்ளே வாங்கிச் சுடர்விடுகிறது. இதுவா தன் உடம்புக்குள் ஓடியது என்று வாயைப் பிளக்கிறார்.

"ரத்தம் எடுத்தாச்சு, எப்பம்மா ஊதணும்?"

"ஊத வேண்டாம்ண்ணே. ஊதினா நேத்துக் குடிச்சதுதான் தெரியும். வாரக்கணக்கா விடாம குடிச்சிருந்தா, இதுல தெரிஞ்சிடும்."

கால் தானாகக் கீழே இறங்குகிறது. முதலாளி, போலீஸ், பெற்ற மகள் என எல்லார் தலையிலும் மிளகாய் அரைத்தவர், விரல் நீளக் குழாயின் முன்னால் மிட்டாயை அவசரமாக விழுங்குகிறார். பக்கத்தில் மனைவியும் அந்த மஞ்சளையே கண்கொட்டாமல் பார்க்கிறாள். அவள் பக்கம் பேச இத்தனை வருஷத்தில் ஒரு சாட்சி வந்ததில்லை.

"இன்னியிலேருந்து அடியோட நிறுத்திட்டா..." அவர் குரல் தாழ்கிறது. "அதையும் சொல்லுமா?"

"சொல்லும்ண்ணே. கொஞ்ச வாரம் போகட்டும், அதுவே சொல்லும்."

அவர் முழங்கை மடிப்பில் இருக்கும் பஞ்சை மனைவி விரலால் அழுத்திப் பிடிக்கிறாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.