நீங்க

"நாக்கைத் தூக்கு. தூக்குய்யாங்கிறேன்!"

தையல்காரர் நாக்கைத் தூக்கினார். விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரை அதனடியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! குடியை விடத்தானே இங்க வந்தே? யாரை ஏமாத்தறே? இன்னைக்கு உன் பேரை வெட்டிட்டுத்தான் மறுவேலை!"

நர்ஸ் போட்ட சத்தத்தில் மருந்து வாங்க நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. தையல்காரருக்குக் காது மடல் சுட்டது. வீட்டில் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்து போகிறவர் அவர். பேரை வெட்டிவிட்டால் போக வேறு இடமும் இல்லை.

பின்னால் நின்ற லாரி டிரைவர் குனிந்து கிசுகிசுத்தார். "பயப்படாதீங்கண்ணே. பெரிய டாக்டர் லீவு. இன்னைக்கு வந்திருக்கிற டாக்டரம்மா தங்கம். நம்மளைக்கூட 'நீங்க'ங்கிறாங்க. என் பொண்டாட்டியே என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை!"

உள்ளிருந்து குரல் வந்தது. "அடுத்தவரை வரச் சொல்லுங்க சிஸ்டர்."

அந்தக் குரலைக் கேட்டதும் தையல்காரர் வரிசையை விட்டு விலகினார். "நான் நாளைக்கு வர்றேனே" என்று நழுவப் பார்த்தார். நர்ஸ் விடவில்லை. சட்டையைப் பிடிக்காத குறையாக உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் நிமிர்ந்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது.

"மாத்திரையை நாக்குக்கடியில ஒளிச்சு வச்சிருந்தான் டாக்டர்."

"வச்சிருந்தார்" என்று மெல்லத் திருத்தினார் டாக்டர். "கதவைச் சாத்திட்டு வெளியே இருங்க சிஸ்டர்."

தையல்காரர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் ஓடிய இரட்டைத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்த மெஷினில் ஓடியது என்றுகூடச் சொல்லிவிடுவார்.

"உட்காருங்க. ஏன் விழுங்கலை?"

தையல்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க எதைச் சொன்னாலும் பேரை வெட்ட மாட்டோம். உண்மை தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ண முடியும்?"

"இந்த மாத்திரை உடம்புல இருக்கிறப்போ குடிச்சா உயிருக்கே ஆபத்துன்னாங்க. குடிக்க மாட்டேன்னு... என்னை எனக்கே நம்ப முடியலை."

"பயந்துட்டீங்க. அவ்வளவுதானே? இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே! ஆசையைக் குறைக்கிற வேற மருந்து இருக்கு. பெரிய டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த மரியாதைதான் நகக்கண்ணில் ஏறிய ஊசி மாதிரி இருந்தது.

"ஒண்ணு கேட்கலாமா டாக்டர்?"

"கேளுங்க."

"என்னை மட்டும் 'நீங்க'ன்னு சொல்லாதீங்க."

"இந்த நாற்காலியில உட்கார்ற எல்லாருக்கும் அதுதான்" என்ற டாக்டரின் குரல் பாதியில் உடைந்தது. எழுந்து போய், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பிறகு கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இங்க நடந்தது எதுவும் வீட்டுக்கு வராது. அம்மாகிட்ட நீயாச் சொன்னாத்தான் உண்டுப்பா."