நாம, நாங்க

ராட்டினம் உச்சியில் போய் நின்றபோதுதான் அவள் முதன்முதலாக ‘நாம’ என்றாள்.

“அந்த மலைக்கு நாம எப்ப போறோம்?”

கண்ணாடிக்கு வெளியே மலைக்குப் பின்னால் மலையாக நீலம் வெளுத்துக்கொண்டே போனது. எந்த மலையைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன? அடுத்த விடுமுறையிலேயே போய்விடலாம் என்று அவசரமாக வாக்குக் கொடுத்தேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்தவர் பேச்சில் மூக்கை நுழைத்தவளைப் பார்ப்பதுபோல் இருந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கேளிக்கைப் பூங்காவின் வாசல் பலகையில் ‘மகிழ்ச்சி’க்கு நடுவே ஒரு ‘ச்’ விழுந்துபோயிருந்ததற்கே வந்ததிலிருந்து இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தேன். ஒரே சொல்லில் அதெல்லாம் மறந்துவிட்டது. ‘நாம’ என்றால் கேட்பவரும் உண்டு, ‘நாங்க’ என்றால் கேட்பவர் இல்லை. பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதில் தடுமாறாது.

கல்யாணத்துக்கு முன்னால் என் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவள். அவள் அப்பாவின் மனைவியாக நான் அந்த வீட்டுக்குள் வந்ததும் எட்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எல்லாமே ‘நான்’தான். நான் சாப்ட்டேன், நான் தூங்கப் போறேன். இன்றைக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள், ஒட்டிக்கொள்வாள் என்று அவர்தான் அனுப்பிவைத்தார்.

அந்த வீட்டில் அவள் அம்மா சாவதற்கு முன் வைத்த இடத்திலிருந்து ஒரு கரண்டியை நகர்த்த எனக்குத் தைரியம் வரவில்லை. சில நாள் சமையலறைக்குள் நுழையும்போது யாரோ ஒதுங்கி வழிவிடுவதுபோல் தோன்றும். பயந்ததில்லை என்று சொன்னால் அது பொய்.

ராட்டினத்திலிருந்து இறங்கியதும் அவள் மலை விளிம்பு ரயிலுக்கு ஓடினாள். ரயில் என்பது பெயருக்குத்தான். தண்டவாளத்தில் மெல்ல மேலே ஏறி, மலை முடியும் இடத்தில் ஒரு மூச்சு நேரம் தொங்கிவிட்டு, பள்ளத்தாக்குக்குள் தலைகுப்புறப் பாயும் பெட்டி. ஒரு பெட்டிக்கு இரண்டு இருக்கை.

வாசலில் நின்ற பெண் அவளை அளவுகோலோடு ஒட்டி நிறுத்தி, உயரம் இருக்கிறது, தனியாகவே போகலாம் என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அம்மாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று சிரித்தாள். பிழையைக் கண்டால் கை பரபரக்கிற நான் இதை மட்டும் திருத்தவில்லை.

ஏறுவதற்குக் குனிந்தேன். அவள் குறுக்கே கை நீட்டினாள்.

“நீங்க இங்கயே இருங்க சித்தி. நாங்க போயிட்டு வர்றோம்.”

நாக்குப் புரண்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ‘நான் போயிட்டு வர்றேன்’ என்று திருத்த வாயையும் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவள் உள்ளே நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையின் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காத்திருந்தாள், யாரோ புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவதற்கு நேரம் கொடுப்பதுபோல. பிறகு கம்பியை இறக்கி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

ராட்டினத்தில் கேட்ட அந்த ‘நாம’வில் நான் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வாசல் பெண் காலி இருக்கையை ஒரு தடவை பார்த்தாள், தோளைக் குலுக்கினாள், பொத்தானை அழுத்தினாள்.

பெட்டி ஏறத் தொடங்கியது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் வந்த பிறகு அந்த வீட்டில் ஒருநாளும் கேட்காத சிரிப்பு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை திரும்பி வரும்?

தண்டவாளத்தின் உச்சியைப் பனிமூட்டம் மூடியிருந்தது. பெட்டி அதற்குள் போனது. சிரிப்பு நின்றது.

சுற்றி நின்றவர்கள் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினார்கள். நான் கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை. செத்த பிறகு அவள் அம்மாவோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இப்போது பனியைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

“சின்ன வயசுலேர்ந்து நீ எடுத்துக்கிட்ட எதையும் நான் திருப்பிக் கேட்டதில்லக்கா. இவள மட்டும் கொண்டாந்து விட்டுடு.”